ஒரே அடுப்பு, நான்கு சம்பளப் பதிவேடு

நடு அந்தமானில் உள்ள ரங்கத் பஜாரில் ஒரு மெஸ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் அடுப்பு பற்றிவிடும். தோசைக்கல்லில் மாஸ்டர். குழம்பும் கூட்டும் இன்னொருவர் பொறுப்பு. காய் நறுக்கித் தண்ணீர் தூக்க ஒரு நாள்கூலி ஆள். பாத்திரம் கழுவ ஒரு ஏஜென்ட் அனுப்பிவைத்த ஆள். நால்வரும் ஒரே புகையில்தான் நிற்கிறார்கள். சாப்பிட வருகிறவருக்கு இவர்களில் யார் எந்தக் கணக்கில் இருக்கிறார் என்று தெரியாது. வியாபாரம் ஓடும்வரை அவர்களுக்கே அது பெரிதாகப் படாது.

விறகு வருவது நின்ற அன்றுதான் விஷயம் வெளியே வரும். முதலாளி நோட்டைப் புரட்டுவார். யார் நன்றாகச் சமைத்தார், யார் பத்து வருஷம் லீவு போடாமல் வந்தார் என்று அந்த நோட்டு சொல்லாது. யாருடைய பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். ஆட்குறைப்பு எப்படி நடக்கிறது என்று கேட்டால் என் பதில் இவ்வளவுதான்: வேலையைப் பார்த்து ஆளை எடுப்பதில்லை, பக்கத்தைப் பார்த்து எடுக்கிறார்கள். நடு அந்தமானில் இது கண்ணெதிரே நடந்தது. அங்கே விறகு நின்ற தேதியைக்கூடச் சொல்லலாம்: 2001 அக்டோபர் 10.

அதுவரை ரங்கத் வட்டாரத்தின் அடுப்பு மரத்தால் எரிந்தது. பாடாக் மரச்சாமானுக்குப் போனது, குர்ஜன் பிளைவுட்டுக்குப் போனது. பேட்டாப்பூரில் அரசு மர அறுவை மில் இருந்தது. பகுல்தலாவில் தனியார் பிளைவுட் ஆலை, கடலுக்கு அந்தப் பக்கம் லாங் ஐலண்டில் இன்னொன்று. காட்டில் வெட்ட ஆள், யானையை நடத்த ஆள், டெப்போவில் அளக்க ஆள், படகில் ஏற்ற ஆள். இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். அந்தமான் வனத்துறையும் சாத்தம் தீவின் மர மில்லும் தொடங்கியது 1883-ல். சோட்டா நாக்பூரிலிருந்து பிரிட்டிஷ் காலத்திலேயே காட்டு வேலைக்கென்று கூட்டிவரப்பட்டவர்களின் பிள்ளைகளை இன்றும் ராஞ்சிக்காரர்கள் என்றே இங்கே அழைக்கிறோம்.

நாடெங்கும் காட்டு வழக்கு என்று அறியப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், அந்தமானுக்கான மனுவின் பேரில் உச்ச நீதிமன்றம் 2001 அக்டோபர் 10 அன்று மரம் வெட்டுவதை நிறுத்தியது. நீதிமன்றம் நியமித்த சேகர் சிங் ஆணையம் வந்து பார்த்து அறிக்கை கொடுத்தது. அதன் பேரில் 2002 மே 7 அன்று விரிவான உத்தரவு. உள்ளூர் மக்களின் தேவைக்கு வெட்டலாம், மெயின்லாண்டுக்கு மரம் போகக் கூடாது. உத்தரவில் எனக்குக் குறை இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் வெட்டிய காடு அது, நிறுத்த வேண்டிய நேரம் தாண்டித்தான் நிறுத்தினார்கள். என் பேச்சு காட்டைப் பற்றியது அல்ல, அடுப்படியில் நின்ற நால்வரைப் பற்றியது.

முதலில் மாஸ்டர். இவர் வனத்துறையின் ரெகுலர் ஊழியர். மெஸ்ஸில் வேலை செய்தாலும் இவருடைய சம்பளம் கல்லாப்பெட்டியிலிருந்து வருவதில்லை, முதலாளியின் வீட்டுப் பெட்டியிலிருந்து வருகிறது. அந்த வீடு டெல்லியில் இருக்கிறது, பெட்டியின் பெயர் மத்திய பட்ஜெட். கல்லாவில் இன்று எவ்வளவு விழுந்தது என்பதற்கும் மாஸ்டரின் சம்பளத்துக்கும் சம்பந்தம் இல்லை. அதனால் விறகு நின்ற மறுமாதமும் அவருக்குச் சம்பளம் வந்தது. வெட்டுவதற்குப் பதில் காவல், நாற்றங்கால், அலுவலக வேலை என்று இடம் மாறியிருக்கலாம், பக்கம் மாறவில்லை. ஊரில் எல்லாரும் பிள்ளைக்கு அரசு வேலை தேடுவதைச் சோம்பேறித்தனம் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. அவர்கள் நோட்டைப் படித்ததில்லை, ரங்கத்தில் இருப்பவர்கள் படித்திருக்கிறார்கள்.

அடுத்தவர் குழம்புக்காரர். இவர் பாடுதான் நீளமான பாடு. அந்தமான் நிக்கோபார் வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் 1977-ல் இந்திய அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. ஊரில் அதைக் கார்ப்பரேஷன் என்று சொன்னால் போதும். அதற்கு மூன்று வேலைகள்: காட்டு மரம், லிட்டில் அந்தமானில் செம்பனை எண்ணெய்த் தோட்டம், கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தை நடத்திக் கொடுப்பது. வருமானத்தில் முக்கால் பங்கு மரத்திலிருந்து வந்தது. பெயர் அரசுடையது, சம்பளம் கல்லாப்பெட்டியுடையது. சேர்ந்தவர்களில் பலர் பெயரைப் பார்த்து நம்பினார்கள். முதல் இரண்டு அடுப்பும் நீதிமன்ற உத்தரவுகளோடு அணைந்தன. 2001 முதல் கழகம் நஷ்டத்தில் ஓடியது.

நஷ்டத்தில் ஓடுகிற மெஸ்ஸில் என்ன நடக்கும்? முதலாளி மூடவும் மாட்டார், புது அடுப்பு போடவும் மாட்டார். வீட்டுப் பெட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து மெஸ்ஸுக்குக் கடன் என்று எழுதிச் சம்பளம் கொடுப்பார். அடுத்த வருஷம் இன்னொரு கடன். மெஸ்ஸால் திருப்பித் தர முடியாது என்பது கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். மத்திய அமைச்சரவை 2017 ஆகஸ்டில் கழகத்தை மூட முடிவு செய்தபோது, பலன் தராத கடன் இதனால் நிற்கும் என்பதையே காரணமாகச் சொன்னது. அப்போது மீதமிருந்த ஊழியர்கள் 836 பேர். விருப்ப ஓய்வு, அதை ஏற்காதவர்களுக்கு ஆட்குறைப்பு என்று முடிவு.

2002 மே முதல் 2017 ஆகஸ்ட் வரை பதினைந்து ஆண்டுகள். 35 வயதில் காட்டில் இருந்தவர் 50 வயதில் வெளியே வந்தார். முதல் வருஷமே பணத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தால் வேறு தொழில் கற்றிருக்கலாம், கடை போட்டிருக்கலாம். ரெகுலர் துறைகளுக்கு மாற்றியிருந்தால் மாஸ்டரின் பக்கத்துக்கு வந்திருப்பார். இரண்டும் இல்லாமல் அணைந்த அடுப்பின் முன் உட்கார வைத்ததுதான் தவறு. வேலை பறித்ததைவிட இது பெரிய தவறு என்பேன். ஓய்வுக்கு முன்னால் விருப்பம் என்று ஒட்டிவைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 2024-ல் நெல்லை மாவட்டம் மாஞ்சோலையில் தேயிலைத் தொழிலாளர்களிடம் நிறுவனம் நீட்டியதும் விருப்ப ஓய்வுத் தாள்தான். தோட்டமே மூடப்போகும்போது கையெழுத்துப் போடாமல் இருப்பது எந்த வகையில் இன்னொரு வழி? கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்த தமிழர்கள் 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பியவர்கள். அந்தக் குடும்பங்களுக்குத் தோட்டம் நின்றுபோவது புது அனுபவம் அல்ல.

குழம்புக்காரரின் வரிசையிலேயே வரும் தனியார் பிளைவுட் ஆலைக்காரர் கதை இதைவிட வேகமாக முடிந்தது. அவரும் கல்லாப்பெட்டிக்காரர், ஆனால் முதலாளி கடன் எழுதிச் சம்பளம் தருகிறவர் அல்ல. இங்கே சட்டம் மூன்று படி வைத்திருக்கிறது. ரங்கத்தில் என்றில்லை, சென்னையிலோ கோவையிலோ ஆலை வேலையில் இருக்கிறவருக்கும் இந்தப் படிகள் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

விறகு சில நாள் வரவில்லை, வந்துவிடும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அப்போது முதலாளி ஆளை நீக்குவதில்லை, வீட்டில் இருக்கச் சொல்கிறார். இதுதான் சட்டம் சொல்லும் லே-ஆஃப். ஒரு வருஷம் வேலை செய்தவருக்கு அந்த நாள்களுக்கு அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டும் சேர்ந்ததில் பாதி கிடைக்க வேண்டும். கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒரே மின்னஞ்சலில் செய்வதை நாம் லே-ஆஃப் என்கிறோமே, அது இந்தப் படி இல்லை. அது அடுத்த படி, ஆட்குறைப்பு. அதற்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். பிறகு ஓராண்டுக்குள் ஆள் எடுத்தால் போனவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். மூன்றாவது படி மூடல். 1947-ன் தொழில் தகராறு சட்டப்படி 100 பேருக்குக் குறையாமல் உள்ள ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இந்த எண்ணை 300 ஆக்கிவிட்டது. ஆட்குறைப்புக்கு ஆளானவரின் கணக்கில் 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையை மறுதிறன் நிதியிலிருந்து போட வேண்டும் என்பது அதில் புதிதாகச் சேர்ந்தது. நடு அந்தமானில் 300 பேர் வேலை செய்யும் ஆலை எங்கே இருக்கிறது? முன் அனுமதி என்ற தடுப்பு இந்த ஊருக்கு இனி ஏட்டில் மட்டும்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 12 ஆண்டு வேலை செய்திருக்கிறார், நாளுக்கு 500 ரூபாய், மாதம் 26 நாளுக்கு 13,000 ரூபாய் என்று வையுங்கள். ஆட்குறைப்பு இழப்பீடு 500-ஐ 15-ஆலும் 12-ஆலும் பெருக்கினால் 90,000 ரூபாய். பணிக்கொடை தனி: 13,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆலும் 12-ஆலும் பெருக்க வேண்டும். அதுவும் 90,000. இரண்டும் சேர்ந்து 1,80,000. கூடவே வருங்கால வைப்பு நிதியில் இருப்பது. பல இடங்களில் பணிக்கொடையை மட்டும் கொடுத்துக் கணக்கு முடிந்தது என்று கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு பணம் என்பது கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரிவதில்லை.

இதற்கிடையில் யானைகளையும் சொல்லிவிடுகிறேன். நடு அந்தமானின் மேற்குக் கரைக்கு அப்பால் இன்டர்வியூ தீவில் காட்டு யானைகள் உண்டு. அந்தமானுக்கு யானை சொந்தம் இல்லை. வட அந்தமானில் மரம் வெட்டிய ஒரு கல்கத்தா கம்பெனி நொடித்துப்போய் 1962 வாக்கில் தன் யானைகளை அந்தத் தீவில் விட்டுவிட்டுப் போனது. இன்று அங்கே திரிபவை அவற்றின் வழிவந்தவை. நோட்டீஸும் இல்லை, 15 நாள் கணக்கும் இல்லை.

இனி காய் நறுக்குகிறவர். ரங்கத்தில் இன்று வேலை, கூலி என்று பேச்செடுத்தால் இவரைப் பற்றிய பேச்சாகத்தான் அது முடியும். டெய்லி ரேட்டட் மஜ்தூர், சுருக்கமாக டி.ஆர்.எம். பொதுப்பணித்துறை, மின்துறை, வனத்துறை எங்கும் இவர்கள் உண்டு. ரோடு போடுவதும் குழாய் திறப்பதும் மின்கம்பம் ஏறுவதும் இவர்களே. சம்பளம் மாஸ்டருடையதைப் போல முதலாளியின் வீட்டுப் பெட்டியிலிருந்து வருகிறது, எண்ணப்படுவதோ நாள் நாளாக. அதனால் விறகு நின்றாலும் இவரை அனுப்பிவிட மாட்டார்கள், வியாபாரம் செழித்தாலும் மாஸ்டர் பக்கத்துக்கு ஏற்றவும் மாட்டார்கள்.

இவருடைய கூலி எப்படிக் கணக்காகிறது? ரெகுலர் ஊழியர் செய்யும் அதே வேலையை எட்டு மணி நேரம் செய்யும் தற்காலிகத் தொழிலாளிக்கு, அந்தப் பதவியின் அடிமட்டச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, முப்பதில் ஒரு பங்கு தர வேண்டும் என்று 1988 ஜூன் 7 அன்றே மத்திய பணியாளர் துறை உத்தரவு போட்டிருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவின் அடிமட்டம் 18,000 ரூபாய். முப்பதில் ஒன்று 600. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதம். அதைச் சேர்த்தால் 27,000, முப்பதில் ஒன்று 900. ஒரே கத்தி, ஒரே காய், ஒரே எட்டு மணி நேரம். அகவிலைப்படி சேருமா சேராதா என்ற ஒரு கேள்விக்கு விலை ஒரு நாளைக்கு 300 ரூபாய், மாதத்துக்கு 9,000. அரிசி முதல் சோப்பு வரை கப்பலில் வந்து இறங்கி, அதன்பின் லாரியில் டிரங்க் ரோடு வழியாக ரங்கத் சேரும் ஊரில் 9,000 என்பது வீட்டுச் செலவில் பாதியாவது இருக்கும்.

இந்த 300 ரூபாய்க்குத்தான் தொழிற்சங்கம் நீதிமன்றம் போனது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2022 டிசம்பர் 19 அன்று மஜ்தூர்களுக்கு உயர் ஊதியமும் அகவிலைப்படியும் தருவது பற்றி உத்தரவிட்டது. நிர்வாகம் நிறைவேற்றவில்லை. 2023 ஆகஸ்ட் 3 அன்று அதே நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு தலைமைச் செயலரைப் பணியிடை நீக்கம் செய்தது, துணைநிலை ஆளுநருக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. மறுநாள் உச்ச நீதிமன்றம் அந்த இரண்டு தண்டனைகளுக்கும் தடை கொடுத்தது. ரோடு போடும் மஜ்தூரின் அகவிலைப்படிக்காக ஒரு யூனியன் பிரதேசத்தின் உச்சப் பதவிகள் ஒரு நாளாவது ஆடியது நினைவில் வைக்க வேண்டிய செய்தி. தடை வந்த வேகத்தையும் சேர்த்தே நினைவில் வைக்கலாம்.

கூலி ஒரு பக்கம், பர்மனென்ட் ஆவது இன்னொரு பக்கம். 1993 செப்டம்பர் 10-ன் மத்திய அரசுத் திட்டப்படி, அன்றைய தேதியில் பணியில் இருந்து, ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தவர்களுக்குத் தற்காலிகத் தகுதியும் பிறகு நிரந்தரமும் கிடைக்க வழி இருந்தது. அது ஒருமுறை ஏற்பாடு மட்டுமே என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2006 ஏப்ரல் 10 அன்று உமாதேவி வழக்கில் அரசியலமைப்பு அமர்வு கதவை இன்னும் இறுக்கியது: முறையான தேர்வு இல்லாமல் உள்ளே வந்தவருக்கு, எத்தனை வருஷம் இருந்தாலும், நிரந்தரம் கேட்க உரிமை இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் அனுமதிக்கப்பட்ட பதவியில் இருந்தவர்களுக்கு மட்டும் ஒரே ஒரு விலக்கு. அந்தத் தீர்ப்பை அரசுத் துறைகள் ஆயுதமாக்கி நீண்டகால ஊழியர்களை ஏமாற்றக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தெரிவது, கதவைத் திறப்பது இன்னும் முதலாளியின் கையில்தான் இருக்கிறது.

அந்த 240-ஐத் தொடாமல் பார்த்துக்கொள்வதற்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. காய் நறுக்குகிறவரிடம், நாளையிலிருந்து பத்து நாள் வராதே, பதினோராம் நாள் வா என்று சொல்வது. வேலை இல்லாமல் இல்லை, அந்தப் பத்து நாளும் யாரோ காய் நறுக்குகிறார்கள். நோட்டில் மட்டும் இடைவெளி விழும். பிரேக் குடுத்துட்டாங்க என்று மஜ்தூர்கள் சொல்வது இதைத்தான். இழப்பீடு, பணிக்கொடை, மறுவேலை உரிமை எல்லாமே தொடர்ச்சியான பணி என்ற ஒரே ஆணியில் தொங்குவதால், அந்தப் பத்து நாள் ஓய்வின் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

பாத்திரம் கழுவுகிறவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அவர் பெயரே மெஸ்ஸின் நோட்டில் இல்லை. ஏஜென்ட்டின் நோட்டில் இருக்கிறது, அது இருந்தால். துறைகள் புது ஆளை டி.ஆர்.எம். ஆகக்கூட எடுக்காமல் காண்ட்ராக்டர் வழியாக எடுக்க விரும்புவதன் காரணம் இதுவே. ஒரே ஒரு பிடி அவருக்கு உண்டு: காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய துறையே தர வேண்டும் என்று 1970-ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அதைக் கைவிடவில்லை.

நால்வருக்கும் கீழே இன்னொரு விஷயம் இருக்கிறது, அதுதான் யார் தாங்கினார் என்பதை முடிவு செய்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து அரசால் குடியேற்றப்பட்டவர்களுக்கு வயலும் மேட்டு நிலமுமாக ஏக்கர் கணக்கில் கிடைத்தது. வேலைக்கென்று வந்த ராஞ்சிக்காரருக்கும் தமிழருக்கும் தெலுங்கருக்கும் அப்படிக் கிடைக்கவில்லை. மில் மூடியபோது ஒருவர் பாக்குத் தோட்டத்துக்குத் திரும்பினார், இன்னொருவர் இருந்த குவார்ட்டர்ஸையே காலி செய்ய வேண்டியிருந்தது.

ரங்கத்திலோ மாயாபந்தரிலோ ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலோ டி.ஆர்.எம். ஆகவோ காண்ட்ராக்டரிடமோ வேலை பார்க்கும் தமிழர் இதைப் படித்தால் அவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெயருள்ள மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாயால் கேட்டால் கிடைக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், நகலுக்குப் பக்கம் இரண்டு ரூபாய். முதல் நாள் சேர்ந்த தேதி, ஒவ்வொரு வருஷமும் எத்தனை நாள், எங்கே பிரேக் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கூலி வங்கியில் வருகிறதா, பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் ஏறுகிறதா என்று பாருங்கள். வேலை இருக்கும்போதே செய்யுங்கள், மூடிய ஆபீஸில் நகல் எடுத்துத் தர ஆள் இருக்காது.